கயிற்றின் மறுமுனை

1

சாகசம் என்ற சொல் நமக்கு வடமொழியிலிருந்து வந்தது. புறப்பட்ட இடத்தில் அதற்கு நல்ல பெயர் இல்லை. கௌடில்யரின் அர்த்த சாஸ்திரத்தில் ஸாஹஸம் என்பது ஒரு குற்றத்தின் பெயர். உடைமைக்காரன் கண்ணெதிரிலேயே பலவந்தமாகப் பறித்துக்கொண்டால் ஸாஹஸம். அவன் இல்லாதபோது எடுத்தால் திருட்டு. தமிழில் நாம் அந்தச் சொல்லை வேறொரு பக்கம் வளைத்துக்கொண்டோம். சாகசக்காரி என்றால் மலையேறுகிறவள் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. பாசாங்கு தெரிந்தவள் என்றுதான் கொள்கிறோம். பறிப்பு, பாசாங்கு என்ற இந்த இரண்டு பழைய சாயல்களும் 'சாகசச் சுற்றுலா' என்கிற இன்றைய தொடரில் துடைத்தெடுக்கப்பட்டுவிட்டன. அவற்றைத் துடைத்தது சரிதானா என்று கேட்டுப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை.

கேள்வியை இப்படி வைக்கலாம். ஆபத்தைப் பணம் கொடுத்து வாங்க முடியுமா? முடியும் என்றால், வாங்கியவன் கைக்கு வந்து சேர்வது என்ன? வராமல் வேறொருவன் கையில் தங்கிவிடுவது என்ன?

கவிதையையும் விமர்சனத்தையும் பேசுகிற பக்கங்களில் இந்தக் கேள்விக்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கக்கூடும். இடம் உண்டு. ஏனென்றால் சுற்றுலாக்காரர்களின் மொழியும் நம் மொழியும் வெகு நாட்களாகவே ஒன்றையொன்று கடன் வாங்கிக்கொண்டிருக்கின்றன. 'எல்லை அனுபவம்', 'விளிம்பு நிலை', 'பாய்ச்சல்', 'சோதனை' என்று நாம் ஒரு கவிதைத் தொகுதியின் முன்னுரையில் எழுதுகிற அதே வார்த்தைகளில்தான் அவர்கள் ஒரு பாலத்திலிருந்து குதிப்பதற்கு விளம்பரம் செய்கிறார்கள். வார்த்தைகள் ஒன்றாக இருக்கும்போது பிரமைகளும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

2

நியூசிலாந்தை எடுத்துக்கொள்கிறேன். பரப்பில் பிரிட்டனைவிடச் சற்றே பெரியது. மக்கள் ஐம்பது லட்சத்துக்குச் சற்று மேல். பூமியின் இரண்டு பெரும் பாளங்கள் மோதும் கோட்டின் மேல் அந்நாடு உட்கார்ந்திருக்கிறது. அதனால் வடக்குத் தீவில் உயிருள்ள எரிமலைகளும் கொதிக்கிற சேறும், தெற்குத் தீவில் ஆல்ப்ஸ் என்றே பெயரிடப்பட்ட மலைத் தொடரும் பனியாறுகளும், கடல் உள்ளே நுழைந்து செங்குத்துப் பாறைகளுக்கிடையில் நிற்கிற ஃபியோர்டுகளும், ஒடுங்கிய பள்ளத்தாக்குகளில் விரைகிற ஆறுகளும் அருகருகே கிடக்கின்றன. இவ்வளவு வித நிலத்தை இவ்வளவு சிறு தூரத்துக்குள் வைத்திருக்கும் ஒரு நாடு அதை விற்கக் கற்றுக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

விற்பனையின் வரலாற்றைக் கவனித்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. கவாராவ் ஆற்றின் மேலுள்ள தொங்குபாலம் 1880இல் கட்டப்பட்டது; 1860களில் அந்தப் பகுதியில் தங்கம் கிடைத்ததை ஒட்டி வந்த ஜனங்களுக்கும் வண்டிகளுக்கும் வழி வேண்டியிருந்தது. ஜெட் படகு என்பது பில் ஹாமில்டன் என்கிற பண்ணைக்காரர் 1950களில் உருவாக்கியது. தம் பகுதியின் ஆழமற்ற, கூழாங்கல் நிறைந்த ஆறுகளில் விசிறி வைத்த படகு செல்லாது என்பதால் நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித் தள்ளுகிற படகை அவர் செய்தார். இன்று அந்தப் பாலத்தில் பாரம் போவதில்லை. 43 மீட்டர் கீழே ஓடும் ஆற்றை நோக்கி மனிதர்கள் குதிக்கிறார்கள். அந்தப் படகு ஷாட்ஓவர் பள்ளத்தாக்கில் பாறைச் சுவரை உரசுவதுபோல் போய்ப் பயணிகளைக் கூச்சலிட வைக்கிறது. உழைப்புக்காகச் செய்த கருவி, உழைப்பு நீங்கியபின் கிளர்ச்சிக்கான கருவியாகிறது. ஒரு காலத்தில் வேறு வழியில்லாமல் ஏற்ற ஆபத்தை, வேறு வழியெல்லாம் உள்ள பேரப்பிள்ளைகள் காசு கொடுத்துத் திரும்ப அழைக்கிறார்கள்.

பாலத்திலிருந்து குதிப்பதை வியாபாரமாக்கியவர் ஏ. ஜே. ஹாக்கெட். 1987 ஜூனில் பாரிஸில் ஈஃபில் கோபுரத்திலிருந்து குதித்துக் கைதானார். 1988 நவம்பரில் கவாராவ் பாலத்தில் கடை திறந்தார். குதிக்கிறவரின் எடை பார்க்கப்படுகிறது. எடைக்குத் தக்க ரப்பர்க் கயிறு கணுக்காலில் கட்டப்படுகிறது. கயிற்றின் மறுமுனை பாலத்தில் இருக்கிறது. விழுந்தவர் எழும்பி, மீண்டும் விழுந்து, ஆடி அடங்கியபின் கீழே காத்திருக்கும் ரப்பர்ப் படகு அவரை வாங்கிக்கொள்கிறது.

இந்த ஏற்பாட்டை ஏளனம் செய்வது சுலபம். அதற்கு முன்னால் கான்ட்டை ஒரு முறை நினைத்துக்கொள்ள வேண்டும். 1790இல் வெளிவந்த தீர்ப்புத்திறன் பற்றிய நூலில் அவர், இடி முழக்கம், எரிமலை, புயல், பெரும் அருவி போன்றவை நம்மை அச்சுறுத்தும் அளவுக்கே கவர்கின்றன என்றும், ஆனால் நாம் பத்திரமான இடத்தில் நின்று பார்த்தால்தான் அப்படி என்றும் சொல்கிறார். பத்திரமாக நிற்கிற போதுதான் இயற்கையின் பேராற்றலுக்கு முன்னால் நமக்குள் அதற்குக் கட்டுப்படாத ஒன்று இருப்பதை உணர முடியும் என்பது அவர் வாதம். கவாராவ் பாலம் இந்த வாதத்தை ஒரு இயந்திரமாக்கியிருக்கிறது. கான்ட்டின் பார்வையாளன் கரையில் நிற்கிறான். இங்கே அவனையே தூக்கி உள்ளே எறிகிறார்கள். புத்திக்குத் தான் பத்திரம் என்று தெரியும். உடம்புக்குத் தெரியாது. புத்திக்கும் உடம்புக்கும் நடுவில் திறக்கிற அந்தப் பிளவில் சில விநாடிகள் விழுவதுதான் விலைக்குக் கிடைக்கிற பண்டம். அந்தப் பயம் நிஜம்; அதைத் தாண்டி ஒரு அடி முன்வைத்தவர் தம்மைப் பற்றி ஏதோ ஒன்றைத் தெரிந்துகொண்டார் என்பதும் நிஜம். இதைப் பொய்யென்று சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் பயத்தையும் ஆபத்தையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. பயம் ஓர் அனுபவம். ஆபத்து ஒரு நிலைமை. பாலத்தில் விற்கப்படுவது ஆபத்து முழுதாக வடிகட்டப்பட்ட பயம். அந்த வடிகட்டலுக்குத்தான் விலை. ஸிம்மல் 1911இல் எழுதிய கட்டுரை ஒன்றில், சாகசம் வாழ்க்கையின் தொடர்ச்சியிலிருந்து தனியே பிய்ந்து நிற்பது, கனவைப் போலவும் கலைப்படைப்பைப் போலவும் தனக்கென ஒரு தொடக்கமும் முடிவும் கொண்டது என்கிறார். பாலத்தில் அந்தத் தொடக்கமும் முடிவும் சீட்டில் அச்சடிக்கப்பட்டிருக்கின்றன.

கவாராவ் பாலத்துக்கு ஒரு மூதாதை உண்டு. நியூசிலாந்துக்கு வடக்கே, வானுவாட்டுவின் பெந்தகோஸ்து தீவில், மரக் கழிகளைக் கொடிகளால் கட்டி எழுப்பிய உயரமான கோபுரத்திலிருந்து ஆண்கள் கணுக்காலில் காட்டுக் கொடியைக் கட்டிக்கொண்டு தலைகீழாகக் குதிக்கிறார்கள். நங்கோல் என்பது அந்தச் சடங்கு. அந்த ஆண்டின் கிழங்கு விளைச்சலோடு சம்பந்தப்பட்டது. ஏப்ரல் முதல் ஜூன் வரை, மழைக்காலத்து ஈரம் கொடியில் இன்னும் தங்கி அது இழுபடுகிற பதத்தில் இருக்கும்போதுதான் குதிப்பார்கள். குதிக்கிறவனின் எடைக்கும் மேடையின் உயரத்துக்கும் ஏற்பக் கொடியைப் பார்த்துத் தேர்கிறார்கள். விழும் இடத்து மண்ணைக் கிளறி மிருதுவாக்குகிறார்கள். குதிக்கும் பலகையே கொடி இழுக்கும் கணத்தில் முறிந்து வேகத்தை உள்வாங்கும்படி கட்டப்பட்டிருக்கிறது. சுற்றி நின்று ஊர் பாடுகிறது. ரப்பர்க் கயிறு, எடைக் கணக்கு, பாதுகாப்புப் பொறியியல் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் கொடியின் மறுமுனை வெறும் கோபுரத்தில் முடிவதில்லை. கோபுரத்தைக் கட்டியவர்கள், கொடியை அறுத்தவர்கள், நிலம், பருவம் என்று அது போய்க்கொண்டே இருக்கிறது.

1974 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ராணி அந்தத் தீவுக்கு வந்தார். அப்போது அது நியூ ஹெப்ரிடீஸ் என்ற பெயரில் பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆண்ட காலனி. விருந்தாளிக்காகப் பருவத்துக்கு முன்னாலேயே ஒரு நங்கோல் ஏற்பாடாயிற்று. கொடிகள் பதத்துக்கு வந்திருக்கவில்லை. குதித்தவர்களில் ஒருவர் இறந்துபோனார்.

இந்த ஒரு சம்பவத்தில் என் கேள்வி முழுவதும் அடங்கியிருக்கிறது. குதித்தவர் அதே மனிதர். கோபுரம் அதே மாதிரிக் கோபுரம். மாறியது ஒன்றுதான்: எப்போது குதிப்பது என்று சொல்கிற அதிகாரம் கொடியிடமிருந்து பார்வையாளரிடம் போயிற்று. பார்வையாளர் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. அவருடைய வருகைத் தேதி மட்டும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தது. காட்சியாக்கப்பட்ட ஆபத்தின் முதல் விதி இது. பார்க்கிறவனின் காலண்டரும் கொடியின் காலண்டரும் முரண்படும்போது, விட்டுக்கொடுப்பது கொடியின் காலண்டர். விலை கொடுப்பது கொடியில் தொங்குகிறவன்.

3

பயணி ஆபத்துக்குள் நுழையும் வாசலில் ஒரு தாள் இருக்கிறது. எனக்கு ஏற்படக்கூடிய அபாயங்களை அறிந்தேன், ஏற்றேன் என்று அவர் கையெழுத்திடுகிறார். பிழைப்புக்காக நாள் முழுதும் மற்றவர்களின் கையெழுத்துக்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் கையெழுத்தைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. கையெழுத்து என்பது அறிவின் சாட்சியம் அல்ல. பொறுப்பு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியதன் சாட்சியம். கடன் பத்திரத்தின் நாலாவது பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து கையெழுத்திடுகிறவர்கள் அபூர்வம். அது தெரியாததால் கடன் செல்லாமல் போய்விடுவதில்லை.

நியூசிலாந்தில் இந்தத் தாளுக்கு விசித்திரமான ஒரு பின்னணி இருக்கிறது. 1967இல் நீதிபதி வுட்ஹவுஸ் தலைமையிலான குழு ஒரு அறிக்கை தந்தது. விபத்தில் காயமுற்றவர் யார் மேல் தப்பு என்று நிரூபித்து வழக்காடித்தான் நஷ்ட ஈடு பெற வேண்டும் என்கிற முறை குரூரமானது, விரயமானது. சமூகம் முழுவதும் சேர்ந்து அந்தச் சுமையைத் தாங்க வேண்டும் என்றது அறிக்கை. அதன்படி 1972இல் சட்டமாகி, 1974 ஏப்ரல் 1 முதல் அமலாயிற்று. தப்பு யாருடையதாயினும் சிகிச்சையும் உதவியும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்து அங்கே காயமுற்றவருக்கும் சிகிச்சை உண்டு. அதற்கு ஈடாக, காயத்துக்கு நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமை பெரும்பாலும் கிடையாது. மனித நேயம் ஒரு சட்டமாக உருவெடுத்த அபூர்வமான உதாரணம் இது. ஆனால் நல்ல சட்டத்துக்கும் எதிர்பாராத பிள்ளைகள் பிறப்பதுண்டு. அமெரிக்காவில் ஒரு வழக்கிலேயே மூடப்பட்டுவிடக்கூடிய ஒரு வியாபாரம் இங்கே தழைக்க முடிந்தது. பாலத்தின் கயிற்றை மறுமுனையில் பிடித்திருந்தது, சம்பளத்திலிருந்தும் பெட்ரோலிலிருந்தும் தீர்வை செலுத்திய மொத்த சமூகம். ஆபத்தின் இன்பம் தனியாருக்கு. ஆபத்தின் செலவு பொதுவுக்கு. பிறகு பல சாவுகள் நேர்ந்து, அரசு கணக்கெடுத்துப் பார்த்து, 2011இல் சாகசத் தொழில்களுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது.

விதிகள் வந்து எட்டு வருஷங்களுக்குப் பிறகு ஃபகாரி. வெள்ளைத் தீவு என்றும் பெயர். வடக்குத் தீவின் கரையிலிருந்து சுமார் 48 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டிருக்கிற உயிருள்ள எரிமலை. ஒரு காலத்தில் அங்கே கந்தகம் வெட்டினார்கள். 1914இல் எரிமலை வாயின் சுவர் சரிந்து வந்த சேறு, தீவிலிருந்த தொழிலாளர்கள் அத்தனை பேரையும் கொண்டுபோயிற்று. வேலை நின்றது. பின்னாளில் அதே பள்ளத்துக்குள் பயணிகள் நடந்தார்கள்: தலைக்கவசம், முகமூடி, ஆவி கக்கும் பிளவுகள், எரிமலை வாயின் ஓரம் வரை ஒரு உலா. 2019 நவம்பர் 18 அன்று எரிமலை எச்சரிக்கையின் அளவு 2க்கு உயர்த்தப்பட்டது. பயணங்கள் நிற்கவில்லை. டிசம்பர் 9, பிற்பகல் 2 மணி 11 நிமிஷத்துக்கு எரிமலை வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தார்கள். அவர்களில் 22 பேர் இறந்தார்கள். வழிகாட்டிகளில் இருவரும் அதில் அடக்கம். பிழைத்தவர்களில் பலர் கடுமையாக வெந்துபோனவர்கள்.

பெரும்பாலோர் ஒரு உல்லாசக் கப்பலிலிருந்து ஒருநாள் பயணமாக வந்தவர்கள். அவர்கள் எதை ஏற்றுக் கையெழுத்திட்டார்கள்? எச்சரிக்கை அளவு 2 என்ற எண்ணைப் படித்துப் பொருள் சொல்லக்கூடியவர் ஒரு நிலவியலாளர். விடுமுறையில் வந்த பயணிக்கு அது கப்பலின் அன்றாட அறிவிப்புகளில் ஒன்று. அறிவு ஓரிடத்திலும் உடம்பு வேறிடத்திலும் இருக்கிறபோது, சம்மதம் என்று நாம் சொல்வது எந்த இடத்தில் நிகழ்கிறது? வழக்கு வந்தது. தீவுக்குள் நுழைய உரிமம் விற்ற நிறுவனத்தை 2023இல் கீழ்க் கோர்ட் குற்றவாளி என்றது. 2025இல் மேல் கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. உரிமம் கொடுத்தவர், அங்கே வேலை நடக்கிற இடத்தைத் தாம் நடத்துகிறவர் ஆகமாட்டார் என்பது சாரம். சட்டத்துக்கு அது சரியாகவே இருக்கலாம். நியாயத்துக்கு இங்கே ஒரு தலைவலி மிஞ்சுகிறது. சீட்டு விற்றவர், கப்பல் கொண்டுவந்தவர், உரிமம் கொடுத்தவர், அளவு குறித்தவர் என்று எல்லார் கையையும் கயிறு தொட்டுச் செல்கிறது. ஒருவர் கையிலும் அது முடிச்சாக நிற்கவில்லை.

ஆனால் அன்று மாலை வேறொன்றும் நடந்தது. அப்போதுதான் தீவை விட்டுக் கிளம்பியிருந்த ஒரு பயணிப் படகு திரும்பிப் போய், கரையில் நின்றவர்களை ஏற்றிக்கொண்டது. ஒன்றரை மணி நேரம் போலப் பிடித்த அந்தத் திரும்பும் வழியில், சற்று முன்வரை புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்த பயணிகள் வெந்த உடம்புகளின் மேல் தங்கள் குடிதண்ணீரை ஊற்றினார்கள். தங்கள் துணிகளைக் கழற்றிப் போர்த்தினார்கள். கண் மூடிவிடாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். அதிகாரிகள் தீவுக்குப் போவது ஆபத்து என்று தயங்கியபோது, சுற்றுலா ஹெலிகாப்டர் விமானிகள் சிலர் தாமாகவே பறந்துபோய்ச் சாம்பலுக்குள் இறங்கி உயிரோடிருந்தவர்களைத் தூக்கி வந்தார்கள். அதற்கு யாரும் கட்டணம் கொடுக்கவில்லை, சீட்டுக் கிழிக்கவில்லை. அந்த நாளில் சாகசம் என்ற சொல்லுக்குத் தகுதியான ஒரே காரியம் விற்பனைக்கு வராத காரியம்.

4

மலையேறுகிறவனின் கயிறு வேறு ஜாதி. அதன் மறுமுனையில் மனிதன் இருக்கிறான்.

1953இல் எவரெஸ்ட் ஏறிய ஹில்லாரி நியூசிலாந்துக்காரர், தேனீ வளர்த்தவர். உச்சிக்குப் போவதற்குச் சில வாரங்களுக்கு முன் பனிச்சரிவில் ஒரு பிளவுக்குள் அவர் விழுந்தார்; கயிற்றின் மறுமுனையிலிருந்த டென்ஸிங் பனியில் கோடரியைக் குத்தி அவரைத் தாங்கினார். மே 29 அன்று இருவரும் உச்சியில் நின்றார்கள். யார் முதலில் கால் வைத்தது என்று உலகம் துளைத்தெடுத்தது. ஒரே கயிற்றில் போனவர்களுக்கு அந்தக் கேள்வி அசட்டுத்தனமாகத்தான் பட்டிருக்கும். கயிறு அவர்களை ஒரே உடம்பாக்கியிருந்தது. ஆனால் அந்தக் கயிற்றில்கூட ஒரு முனை கூலிக்கு வந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கூலிக்காரர் தம் ஏழாவது முயற்சியில் இருந்தார், அவருக்கும் அந்த உச்சி வேண்டியிருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நாற்பது வருஷங்களில் அந்தக் கயிற்றுக்கு விலைப்பட்டியல் வந்துவிட்டது. ராப் ஹால் என்கிற நியூசிலாந்துக்காரர் ஆளுக்கு 65,000 டாலர் வாங்கிக்கொண்டு எவரெஸ்டுக்கு அழைத்துப் போனார். 1996 மே 10 அன்று அவருடைய வாடிக்கையாளர்களில் ஒருவர் டக் ஹான்சன், அமெரிக்கத் தபால் இலாகா ஊழியர். முந்தைய வருஷம் உச்சிக்கு வெகு அருகே வந்தவரை ஹால்தான் திருப்பி அனுப்பியிருந்தார். இந்த முறை, திரும்ப வேண்டிய நேரம் தாண்டிய பிறகும் ஹால் அவருக்காகக் காத்து நின்றார். புயல் வந்தது. நடக்க முடியாமல் போன ஹான்சனை விட்டு ஹால் இறங்கவில்லை. மறுநாள் தெற்கு உச்சியருகே தனியாக, உறைந்த கைகளோடு, கர்ப்பிணி மனைவியிடம் வானொலி வழியே பேசி விடைபெற்றுக்கொண்டு இறந்தார்.

இங்கே வியாபாரம் எந்த இடத்தில் முடிகிறது, வேறொன்று எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட என்னால் முடியவில்லை. ஏற்கெனவே ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவரை மறுபடியும் வரச்சொல்லி, இரண்டு மணிக்கே திருப்பாமல் விட்டது, விற்றவன் வாங்கியவனுக்குப் பட்ட கடன். அது தப்பான தீர்மானம் என்று மலையேறுகிறவர்கள் சொல்கிறார்கள். ஆனால் நாலு மணிக்கு மேல் அந்த உச்சியருகே நின்றதற்கு எந்த ஒப்பந்தத்திலும் ஷரத்துக் கிடையாது. விலைக்கு வாங்கிய ஒரு உறவுக்குள் விலைக்குக் கிடைக்காத ஒன்று முளைத்துவிடுகிறது. சந்தை இதை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் ரகசியமாக இதை நம்பித்தான் சந்தையே நடக்கிறது: கயிற்றை யாரும் அறுத்துவிட மாட்டார்கள் என்ற நம்பிக்கையை எந்தக் கட்டணமும் உண்டாக்கியதில்லை.

2006 மே மாதம் அதே மலையின் வடக்குப் பக்கத்தில் டேவிட் ஷார்ப் என்ற ஆங்கிலேயர், தனியாகச் சென்றவர், ஒரு பாறைக் குழிவில் செத்துக்கொண்டிருந்தார். அந்த வழியாக ஏறியும் இறங்கியும் சுமார் நாற்பது பேர் அவரைக் கடந்து போனார்கள். சிலர் இருட்டில் பார்க்கவில்லை. சிலர் செத்துவிட்டார் என்று நினைத்தார்கள். சிலர் நின்று ஆக்ஸிஜன் கொடுத்துப் பார்த்தார்கள், எழுப்ப முயன்றார்கள். அந்த உயரத்தில் நடக்க முடியாத ஒருவரைத் தூக்கி வர முடியாது என்பது ஒரு வாதம். முதிய ஹில்லாரி கோபத்துடன் அந்த வாதத்தை ஏற்க மறுத்தார். அதே மாதத்தின் கடைசி வாரத்தில், இறந்துவிட்டதாக விட்டுவரப்பட்ட லிங்கன் ஹால் என்ற ஆஸ்திரேலியர் மறுநாள் காலையில் உயிரோடு உட்கார்ந்திருந்தார். மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு சிறு குழு உச்சியைக் கைவிட்டு அவரோடு நின்றது, அவர் பிழைத்தார்.

2014 ஏப்ரல் 18. கும்பு பனிச்சரிவில் விழுந்த பனிப்பாறைகளுக்கு அடியில் 16 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் நேபாளத் தொழிலாளர்கள். வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. இதை விதியென்று சொல்ல முடியாது; கணக்கு. வாடிக்கையாளர் அந்தச் சரிவைச் சில தடவைதான் கடக்கிறார். கூடாரம், உணவு, கயிறு, ஏணி, ஆக்ஸிஜன் உருளை எல்லாவற்றையும் சுமந்து தொழிலாளி பலமுறை கடக்கிறார். இறுதிச் சடங்குக்கென்று அரசு முதலில் அறிவித்த தொகை 40,000 நேபாள ரூபாய். ஷெர்ப்பாக்கள் அந்தப் பருவத்தில் வேலை செய்ய மறுத்தார்கள்.

பாலத்தில் ஆபத்து வடிகட்டப்படுகிறது என்று சொன்னேன். வடிகட்டியபின் தங்கும் வண்டல் எங்கே போகிறது என்பதற்கு இதுதான் விடை. ஆபத்து அழிவதில்லை, இடம் மாறுகிறது. வாங்கியவனுக்குப் பயம் போகிறது. விற்றவனுக்குப் பணம் போகிறது. ஆபத்து யாரிடம் பேரம் பேசச் சக்தியில்லையோ அவனிடம் போகிறது. கௌடில்யரின் பழைய சொல்லில் இருந்த பறிப்பு என்ற சாயல் அப்படி ஒன்றும் பொருத்தமற்றதல்ல.

இதற்குப் பதில் உண்டு, நியாயமான பதில். ஷெர்ப்பாக்கள் ஏமாளிகளல்ல. அந்த மலைப் பள்ளத்தாக்குகளில் வேறெந்தத் தொழிலும் தராத வருமானத்தை அது தருகிறது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அதில் படித்திருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்காக இரக்கப்படுவது அவர்களிடம் இருக்கிற ஆற்றலையும் தேர்வையும் பறிப்பது. அதுவும் ஒரு ஸாஹஸம்தான். 2021 ஜனவரி 16 அன்று பத்து நேபாளிகள், அதுவரை குளிர்காலத்தில் யாரும் ஏறியிராத கே2 சிகரத்தின் உச்சிக்குக் கடைசி அடிகளைச் சேர்ந்து நடந்தார்கள். அவர்கள் யாரையும் சுமந்து போகவில்லை. கயிறு அதே கயிறு, குளிர் அதைவிடக் கொடியது. ஆனால் இரண்டு முனையிலும் இருந்தவர்கள் தங்களுக்காகப் போனவர்கள். என் வாதம் ஆபத்துக்கு எதிரானதல்ல என்பதற்கு இதையே சாட்சியாக வைக்கிறேன். ஆபத்து ஒரு மனிதனுக்கு உரிமையுள்ள சொத்து. அதை அடுத்தவன் பெயரில் எழுதி வைப்பதுதான் பிரச்னை.

5

யாஸ்பர்ஸ் எல்லை நிலைமைகள் என்று நான்கைச் சொன்னார்: சாவு, துன்பம், போராட்டம், குற்றம். இவற்றை மனிதன் தேர்ந்தெடுப்பதில்லை. தாண்டிப் போக முடியாத சுவர்களாக எதிரே வந்து நிற்கின்றன. அவற்றில் மோதித்தான் அவன் தன் இருத்தலை உணர்கிறான். சாகச வியாபாரம் இந்தப் பட்டியலில் முதல் மூன்றின் சாயல்களைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது: சாவின் நிழல், உடம்பின் வேதனை, மலையோடு போராட்டம். நான்காவதை விற்க அதனால் முடியவில்லை. குற்றத்தை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. 2006இல் அந்தப் பாறைக் குழிவைக் கடந்து போனவர்கள் பணம் கட்டிச் சாவின் எல்லையைத் தேடி வந்தவர்கள். அவர்களுக்கு நிஜமாகக் கிடைத்த எல்லை நிலைமை, சீட்டில் இல்லாத ஒன்று. கடந்து போன ஒவ்வொருவரும் அதன்பின் எந்த உயரத்திலும் அதோடுதான் வாழ வேண்டியிருந்தது.

ஆகவே விளிம்பு என்பது பாலத்தின் ஓரத்தில் இல்லை. மறுமுனையில் இன்னொருவர் இருக்கிறார் என்று தெரியவருகிற இடத்தில் இருக்கிறது. அங்கே தனியனின் அனுபவம் முடிகிறது. அதற்குமேல் நடப்பதற்கு அனுபவம் என்ற சொல் போதாது. உறவு என்றோ கடன் என்றோ சொல்ல வேண்டும்.

இதை நாம் நம்மை நோக்கித் திருப்பாமல் விட்டால் இவ்வளவு தூரம் நடந்தது வெறும் சுற்றுலாதான். நவீன இலக்கியத்தில் நமக்கு மிகவும் பிடித்த புராணம் விளிம்பில் வாழ்ந்தவனின் புராணம். வேலையை உதறியவன், குடித்து அழிந்தவன், பத்திரிகைக்காக எல்லாவற்றையும் இழந்தவன், எழுத்துக்காகத் தன்னைப் பணயம் வைத்தவன். அவனைப் பற்றி நாம் எழுதுகிற இரங்கல் கட்டுரைகளில் 'சமரசமற்ற' என்ற சொல் தவறாமல் வந்துவிடுகிறது. அடகு வைத்த வளையல் யாருடையது, பட்டினி கிடந்த பிள்ளைகள் எத்தனை பேர், இரவு இரண்டு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டது யார் என்பவை அந்தக் கட்டுரைகளில் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. வந்தால், 'அவரைப் புரிந்துகொள்ளாத குடும்பம்' என்று வருகிறது. பனிச்சரிவைப் பலமுறை கடந்து கூடாரத்தையும் சோற்றையும் மேலே கொண்டுசேர்த்தவர்கள் இவர்கள். உச்சியில் எடுத்த படத்தில் ஒருவர்தான் இருக்கிறார்.

எழுத்தில் ஆபத்து இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு வரியை எழுதிவிட்டால் பழைய வீட்டுக்குத் திரும்பிப் போக முடியாது என்கிற ஆபத்து உண்டு. அதை எழுதுகிறவன் தன் பெயரிலேயே ஏற்றால் அது அவன் சொத்து. அதில் குறுக்கிட யாருக்கும் உரிமையில்லை. ஆனால் வாழ்க்கையில் எடுத்த ஆபத்தைப் படைப்பின் மதிப்பாக மாற்றிக் கணக்கில் வரவு வைக்கிற பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். பாதிக் கணக்கு எப்போதும் இன்னொருவர் பேரேட்டில் பற்றாக எழுதப்பட்டிருக்கிறது. அப்படி எழுதப்பட்டிருந்தும் ஒரு கவிதை நல்ல கவிதையாக இருக்கலாம், இருந்திருக்கிறது. ஹான்சன் பார்த்த உச்சியும் நிஜமான உச்சிதான். கவிதை நன்றாக வந்துவிட்டதால் பற்று அழிந்துவிடாது என்பதைத்தான் சொல்கிறேன்.

ஒரு படைப்பை விமர்சிக்கும்போது ஆசிரியனின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது விமர்சனத்தின் வேலை அல்ல. ஆனால் 'விளிம்பு' என்றும் 'பாய்ச்சல்' என்றும் நாம் புகழத் தொடங்குகிற நிமிஷத்திலேயே வீட்டுக் கதவை நாம்தான் திறந்துவிட்டோம். திறந்தபின் ஒருவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது நேர்மையாகாது.